கல்லில் வெட்டிய நாற்பத்தொன்று

சேசு மரி சூசை
பலேர்மோ, 3.11.1996

அன்பின் அருளையா அண்ணாவுக்கு,

நேற்றுக் காலை பத்தரை மணிக்கு ஜெனரலின் கல்லறைக்கு முன்னால் நின்றவர்கள்: புரொபெசோரே குசிமானோ, அவருடைய தங்கையின் மகள் சிஞ்ஞோரா ஆகத்தா, கோயிலைப் பூட்டித் திறக்கும் கிழவர் துறியோ, என் மகள் அமலினி, நான். ஐந்து பேர். கொப்பியில் பதிந்துவிட்டுத்தான் உங்களுக்கு எழுதுகிறேன். ஆறாவது ஆள் கல்லுக்கு உள்ளே. அவருக்காகத்தான் இந்தக் கடிதம்.

முதலில் உங்கள் சுகம். இருமல் விட்டதா? இரவு வேலையை மாற்றித் தந்தார்களா? இங்கே எனக்கும் கிறிகோரிக்கும் பிள்ளைக்கும் ஆண்டவர் ஒரு குறையும் வைக்கவில்லை. கிறிகோரி அதே சாப்பாட்டுக் கடையில்தான். நான் போர்கோ வெக்கியோவில் இருந்து சீசா என்ற பகுதிக்கு நடந்தே வேலைக்குப் போகிறேன். பஸ்ஸை நம்பினால் புரொபெசோரேக்குக் காலைக் கோப்பி மத்தியானம்தான்.

அவரைப் பற்றி முன்பும் எழுதினேன். எண்பத்திரண்டு வயது. பள்ளிக்கூடத்தில் சரித்திரம் படிப்பித்தவர், கலியாணம் கட்டாதவர். முப்பது வருடமாக ஒரே ஒரு மனிதனின் சரித்திரத்தை எழுதுகிறார். யோவாக்கிம் வொன் றெட்லிங் என்ற ஜெர்மன் படைத்தலைவர். இப்போது புரொபெசோரேக்குக் கண் மங்கிவிட்டது. சமையலும் துடைப்பும் முடிந்தபிறகு அவருடைய துண்டுக் கடதாசிகளை வருட வாரியாக நான்தான் அடுக்குகிறேன். பூசைப் புத்தகத்தைப் பார்த்து எழுத்துக்கூட்டிப் பழகிய என் இத்தாலியன் அதற்குப் போதுகிறது.

அடுக்கியதில் எனக்கு விளங்கியது இவ்வளவு. ஜெனரல் 1658இல் ஜெர்மனியில் உங்கள் பக்கம் ஹோல்ட்டன்பெக் என்ற ஊரில் ஒரு புரட்டஸ்தாந்துப் போதகரின் மகனாகப் பிறந்தார். பதினேழு வயதில் வீட்டைவிட்டு ஓடி டென்மார்க்காரரின் படையில் சேர்ந்தார். பிறகு வியன்னாவில் துருக்கியரோடு சண்டை. பிறகு வெனிஸ்காரர் கூலிக்கு எடுத்துக் கிரேக்கக் கரைக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு கல்தீவுக் கோட்டையைக் கைவிட்டு வந்தபிறகு கத்தோலிக்கரானார். அதன்பின் பதவிக்கு மேல் பதவி. ஹங்கேரி, மிலான், 1719இல் சிசிலி. 1720இல் வாளைக் கழற்றினார். 1726இல் இங்கேயே கண்ணை மூடினார்.

கல்லில் அவர் நின்ற சண்டைகள் எல்லாம் வரிசையாக இருக்கின்றன. அடியில் தனியாக, றோமன் இலக்கத்தில், நாற்பத்தொன்று. புரொபெசோரே அதைத் தடவிக் காட்டி, "நாற்பத்தொரு வருடச் சேவை" என்று ஆகத்தாவுக்கு விளங்கப்படுத்தினார். நான் சும்மா நின்றிருக்கலாம்.

"1675இலை சேர்ந்து 1720இலை விட்டால் நாற்பத்தைஞ்சு வருது, புரொபெசோரே."

"நாலு வருசம் வருத்தம் வந்து படுக்கையிலை கிடந்திருப்பார்."

"எந்த நாலு? கடதாசியிலை ஒரு வருசமும் சும்மா இல்லையே."

துறியோ கிழவர் திறப்புக் கோர்வையை ஆட்டிச் சிரித்தார். "முப்பது வருசமாய் ஒருத்தரும் இவரை மடக்கேல்லை. மீன் பொரிக்க வந்தவள் மடக்கிப்போட்டாள்."

அதனால் ஒரு உதவி, அண்ணா. ஹோல்ட்டன்பெக் உங்களுக்கு ஒரு மணித்தியால ரயில் என்று ஆகத்தா வரைபடத்தில் பார்த்துச் சொன்னா. அங்கே பழைய கோயிற் பதிவு இருந்தால் ஒருதரம் போய்ப் பார்ப்பீர்களா?

பின்னேரம் இறந்தவர்கள் தினத் தமிழ்ப் பூசைக்குப் போனோம். இறந்தவர்களின் பெயர்களைப் பாதர் வாசித்தார். நான் பதினொரு பெயர் கொடுத்திருந்தேன்.

உங்களுக்காக ஒவ்வொரு நாளும் செபமாலை சொல்லும் தங்கச்சி,
றோசமலர்


ஹாம், 24.11.1996

அன்புத் தங்கச்சி றோசமலருக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இருமல் இருக்கிறது, நானும் இருக்கிறேன். கம்பித் தொழிற்சாலையில் இரவு வேலை இன்னும் மாறவில்லை. கிறிகோரியையும் அமலினியையும் கேட்டதாகச் சொல்.

உன் புரொபெசோரேக்குச் சொல், பேசாலையில் வலை பொத்தினவன் இப்போது ஜெர்மன் ஜெனரலுக்குப் பிறப்புச் சாட்சி தேடப்போகிறான் என்று. லீவு கிடைத்ததும் போவேன். எனக்கும் வீட்டுக்குள் சுவரைப் பார்த்துக்கொண்டு இருக்க அலுப்பாக இருக்கிறது.

ஒன்று கேட்க வேணும். நீ கொடுத்த பதினொரு பெயரில் என் மனுசி எமிலியானாவின் பெயர் இருந்ததா? இங்கே பட்டியல் எழுதின அன்று நான் பேனாவை வைத்துக்கொண்டு கனநேரம் நின்றேன். இறந்தவர் பக்கத்தில் எழுதக் கை வரவில்லை. உயிரோடு உள்ளவர் பக்கத்தில் எழுதவும் வெட்கமாக இருந்தது. செஞ்சிலுவையின் பதிலும் வந்தது. பேசாலையிலும் இல்லை, மடு முகாமிலும் இல்லை, பதிவே இல்லை. இது மூன்றாவது பதில்.

தொண்ணூறில் ஆறு மாதமாக நான் கடிதம் போடாமல் இருந்த நேரத்தில்தானே அவள் உன்னோடு வள்ளம் ஏற மாட்டேன் என்று நின்றாள். கோபக்காரி. கோபிக்க வைத்தவன் நான்.

அண்ணா,
அருளையா


சேசு மரி சூசை
பலேர்மோ, 12.12.1996

அன்பின் அண்ணாவுக்கு,

உங்கள் கடிதம் கண்டேன். இருமலுக்குக் கொத்தமல்லியும் சுக்கும் அவித்துக் குடியுங்கோ. பல்லரோச் சந்தையில் எங்கள் ஆட்களின் கடையில் வாங்கிச் சிறு பொதியாக இதனோடு அனுப்புகிறேன். இங்கே எல்லாரும் சுகம். அமலினிக்கு மட்டும் ஒரு பல் விழுந்தது.

நீங்கள் போவதாகச் சொன்னதைக் கேட்டு புரொபெசோரே இரண்டு கிளாஸ் வைன் குடித்தார். "எங்கள் ஆவணக்காப்பாளர்" என்றுதான் இப்போது உங்களைச் சொல்கிறார்.

அவருக்கு மிகப் பிடித்த அதிகாரத்தை என்னை வாசித்துக் காட்டச் சொன்னார். தலைப்பு "மறுத்தவர்கள்". 1691இல் அந்தக் கல்தீவில் துருக்கியர் சுற்றி வளைத்தபோது ஜெனரல் படையைக் கப்பலேற்றினார். அப்போது நாற்பத்தொரு பேர் ஏற மறுத்துக் கோட்டையிலேயே நின்று உயிரை விட்டார்கள். அப்படித்தான் ஜெனரல் வெனிஸுக்கு அறிக்கை எழுதியிருக்கிறார். வாசிக்கும்போது நாற்பத்தொன்று என்ற எண்ணில் நான் நின்றுவிட்டேன். புரொபெசோரேயும் கதிரையில் நிமிர்ந்தார். "முப்பது வருசமாய் இரண்டையும் நான் பக்கத்திலை வைச்சுப் பார்க்கேல்லை, றோசா" என்றார்.

ஜெனரல் தன் கல்லறையில் தன்னுடைய வருடங்களை வெட்டாமல் அவர்களுடைய எண்ணிக்கையை வெட்டுவித்திருக்கிறார். ஏன் என்பதுதான் இப்போது கேள்வி. வீரத்துக்கு மரியாதை என்கிறார் புரொபெசோரே. நான் கோப்பிக் கோப்பையைக் கழுவப் போய்விட்டேன்.

நத்தாருக்கு வாதுமை மாவில் செய்த பழம் அனுப்புகிறேன். பார்த்தால் பழம், கடித்தால் இனிப்பு. ஏமாற வேண்டாம்.

தங்கச்சி,
றோசமலர்


ஹாம், 2.2.1997

அன்புத் தங்கச்சிக்கு,

பொதியும் பழமும் கிடைத்தன. பல்லைக் கட்டினபிறகு இப்படி இனிப்புச் சாப்பிட்டதில்லை. நான் எமிலியானாவைப் பற்றிக் கேட்டதற்கு நீ பதில் எழுதவில்லை. மறந்திருப்பாய்.

ஹோல்ட்டன்பெக்குக்குப் போனேன். பனி முழங்கால் வரை. போதகர் கதவைத் திறந்து என்னைப் பார்த்ததும், அகதி மனு நிரப்ப வேறு அலுவலகம் இருக்கிறது என்று பாதையை விளக்கத் தொடங்கினார். "இல்லை ஐயா, நான் 1658ஆம் ஆண்டைப் பார்க்க வந்தனான்" என்றேன். அவருடைய மனுசி உள்ளே போய்க் கேக் எடுத்துவந்து வைத்தா. அதற்குப் பிறகுதான் கதைத்தோம்.

ஞானஸ்நானப் பதிவு இருக்கிறது, பிரதி இதற்குள். அதைவிடப் பெரிய விசயம், ஜெனரலின் அக்கா டொறத்தேயா சாகும்வரை அந்தப் போதகர் வீட்டில்தான் இருந்தாவாம். அவர் அவவுக்கு எழுதிய கடிதங்கள் ஒரு கட்டு இருக்கிறது. ஒருவரும் அவிழ்த்ததில்லை. பழைய எழுத்து, எறும்பு ஊர்ந்தது போல. போதகர் ஆறுதலாக வாசித்து எழுதித் தருவார்.

இனி என் விசயம். மரியா என்று ஒரு பெண்பிள்ளை எங்கள் பாடகர் குழுவில் பாடுகிறா. ஊர் இளவாலை. புருசன் ஷெல் விழுந்து செத்து ஒன்பது வருடம். நல்ல மனுசி. எனக்கு நாற்பத்தைந்து வயது, தங்கச்சி. பாதரிடம் கேட்டேன். எமிலியானா இறந்ததற்குச் சாட்சி இல்லாமல் கோயிலில் கட்ட முடியாது, கடைசியாகக் கண்டவர் எழுதித் தரவேணும், மேற்றிராணியார் பார்த்து முடிவு சொல்வார் என்றார். கடைசியாகக் கண்டது நீதானே. அந்த நாளை நீ ஒரு கடதாசியில் எழுதி அனுப்பு. ஆர் ஆர் நின்றார்கள், என்ன நடந்தது. உனக்கு அது கைவந்த வேலை.

அண்ணா,
அருளையா


பலேர்மோ, 23.2.1997

அன்பின் அண்ணாவுக்கு,

சுகம். நீங்களும் சுகமாக இருக்க வேண்டும்.

அமலினிக்குக் காய்ச்சல், புரொபெசோரே படியில் சறுக்கி விழுந்தார், கனக்க எழுத நேரமில்லை. மரியா என்ற அக்காவுக்கு என் அன்பைச் சொல்லுங்கோ. கடதாசி இல்லாமல் பதிவுத் திருமணம் செய்ய ஏலாதா? எத்தனையோ பேர் செய்கிறார்கள். பிறகு ஆண்டவர் ஒரு வழி காட்டுவார்.

றோசமலர்


ஹாம், 6.4.1997

அன்புத் தங்கச்சிக்கு,

அமலினிக்குக் காய்ச்சல் மாறினதா? உன் கடிதம் இவ்வளவு சின்னதாக வந்ததே இல்லை. பூசைக்குப் போகாதவனைப் பாவி என்று திட்டுகிறவள் எனக்குப் பதிவுத் திருமணம் சொல்லித் தருகிறாய். வெயில் தலையில் அடித்துவிட்டதா?

போதகர் ஒரு கடிதத்தை முடித்துவிட்டார். 1692, வெனிஸில் இருந்து. நான் தமிழில் எழுதுகிறேன். நீ புரொபெசோரேக்கு இத்தாலியனில் சொல்.

"அக்கா, நாற்பத்தொரு பேர் கப்பலேற மறுத்தார்கள் என்று நான் எழுதிக் கொடுத்தேன். எல்லாரும் அவர்களை வீரர் என்கிறார்கள். எனக்குப் பதவி தந்தார்கள். அவர்கள் மறுக்கவில்லை, அக்கா. அடுத்த கப்பல் விடிய வரும் என்று அவர்களுக்குச் சொன்னவன் நான். அடுத்த கப்பல் இல்லை என்பது எனக்குத் தெரியும். அவர்கள் நம்பினார்கள். நாங்கள் பாய் விரித்தபோது கரையில் நின்று தொப்பியைக் கழற்றி அசைத்தார்கள். அவர்களுடைய பெயர்களைப் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன். வேறு ஒருவருக்கும் நான் சொல்லவில்லை. எனக்குப் பதில் எழுது."

பின்பக்கத்தில் நாற்பத்தொரு பெயரும் இருக்கிறது. அதற்குப் பிறகு வந்த மூன்று கடிதங்களும் "பதில் எழுது" என்றுதான் முடிகின்றனவாம். அக்கா பதில் போட்டாவோ இல்லையோ, தெரியாது. வாசித்துவிட்டுப் போதகரும் நானும் கோப்பி குடிக்க மறந்து இருந்தோம்.

உன் சாட்சிக் கடதாசி வரவில்லை. அதனால் 1990இல் மண்டபம் முகாமில் இருந்து நீ போட்ட கடிதத்தைப் பெட்டியில் தேடி எடுத்தேன். நீ எழுதியது இது: "பேசாலையில் ஐந்து பேர் வள்ளம் ஏறினோம். நான், பிள்ளை, பக்கத்து வீட்டு இராஜதுரை, அவருடைய தகப்பன் பவுல் ஐயா. மச்சாள் ஏற மறுத்து, அவர் கூப்பிட்டால்தான் வருவன் என்று சொல்லிக் கரையில் நின்றுவிட்டா." ஐந்து என்று எழுதி நாலு பெயர் போட்டிருக்கிறாய். நீ எண்ணிக்கையில் பிழை விடுகிற ஆள் இல்லை. ஓட்டியையும் சேர்த்து எண்ணினாயோ?

இராஜதுரையிடம் கேட்கலாம் என்று விலாசம் தேடினேன். தகப்பனுக்குப் பிறகு அவரும் போனவருடம் முகாமில் இறந்துபோனாராம். இனி நீ ஒருத்திதான்.

அண்ணா,
அருளையா


ஹாம், 30.6.1997

தங்கச்சிக்கு,

நாலு மாதமாகக் கடிதம் இல்லை. உனக்கு வருத்தம் ஏதுமா? ஞாயிற்றுக்கிழமை ரெலிபோன் எடுத்தேன். அமலினி, "மம்மா வீட்டிலை இல்லையெண்டு சொல்லச் சொன்னவ, மாமா" என்றாள். பின்னால் நீ பிள்ளையை ஏசுகிற சத்தம் கேட்டது. நான் சிரித்துக்கொண்டுதான் வைத்தேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

மரியா பிடிக்கவில்லையா? அப்படியென்றால் நேரே சொல்லு.

அருளையா


சேசு மரி சூசை
பலேர்மோ, 20.7.1997

அன்பின் அண்ணாவுக்கு,

உங்கள் இரண்டு கடிதத்துக்கும் சேர்த்துப் பதில். மன்னிக்கவேணும். இருமல் எப்படி? இங்கே சாந்தா றொசாலியா திருநாள் முடிந்தது. ஊர் முழுக்க வெடியும் நத்தை அவியலும். அமலினி மூன்றுதரம் வாங்கித் தின்றாள். எங்கள் உடம்புக்கு ஒன்றுமில்லை. மரியா அக்காவை எனக்கு ஏன் பிடிக்காமல் போகிறது? பார்க்காமலே பிடித்திருக்கிறது.

ஜெனரலின் கடிதத்தைச் சித்திரை மாதமே புரொபெசோரேக்குச் சொன்னேன். கேட்டுவிட்டுச் சால்வையை இழுத்து மூடிக்கொண்டார். கோப்பி வேண்டாம், பாஸ்தா வேண்டாம். மூன்றாம் நாள் கூப்பிட்டார்.

"றோசா, உன்ர அண்ணாவுக்கு எழுது, அந்தக் கடதாசி எங்களுக்கு வேண்டாமெண்டு. செத்த மனுசனைத் திரும்ப ஏன் கொல்லவேணும்?"

"அந்த நாற்பத்தொரு பேரும்?"

"அவையளுக்கு என்ன? வீரர் எண்ட பேர் கிடைச்சிருக்கு. இதைவிட நல்ல பேர் ஆருக்குக் கிடைக்கும்?"

"அவையள் வீரர் ஆகக் கேட்கேல்லை, புரொபெசோரே. கப்பலைத்தான் கேட்டவை."

அவர் கோபித்து மறுபக்கம் திரும்பினார். நானும் விடவில்லை. எனக்கு அன்றைக்கு என்ன பிடித்ததோ தெரியாது.

"நீங்கள் மறைச்சு என்ன பிரயோசனம்? அவர் தன்ர கல்லிலை தானே வெட்டுவிச்சிட்டார்."

"ஒருத்தருக்கும் விளங்காத மாதிரி வெட்டியிருக்கிறார்."

"எண்ணத் தெரிஞ்ச ஆரும் ஒருநாளைக்கு வருவினம் எண்டு நினைச்சிருப்பார்."

அவர் சால்வையை விலக்கி எழும்பினார். பிறகு மேசையில் இருந்த "மறுத்தவர்கள்" அதிகாரத்தைத் தடவி எடுத்து என் கையில் தந்தார். முப்பத்தாறு பக்கம். "இதை நீயே கிழி. எனக்குக் கண் தெரியேல்லை." கண் தெரியாததற்காக இல்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும். வைகாசியில் இருந்து புதிதாகச் சொல்லிச் சொல்லி எழுதுவிக்கிறார். ஜெனரலை அவர் விடவில்லை. முன்பு "எங்கள் றெட்லிங்" என்று சொல்வார், இப்போது "அந்தப் பாவப்பட்டவன்" என்கிறார். குரலில் அன்பு கூடித்தான் இருக்கிறது. அது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

நீங்கள் கேட்டது: ஓட்டியையும் சேர்த்துத்தான் எண்ணியிருப்பேன். பிள்ளைக்கு அப்போது காய்ச்சல். சாட்சிக் கடதாசியை எங்கள் பாதருக்கு முன்னால் எழுதி அனுப்புகிறேன்.

தங்கச்சி,
றோசமலர்


ஹாம், 7.9.1997

அன்புத் தங்கச்சிக்கு,

உன் கடிதத்தைப் பார்த்தபிறகுதான் மனம் ஆறினது. இருமல் விட்டுவிட்டது. உன் சுக்குத்தான். மரியாவும் அதைத்தான் அவித்துத் தருகிறா.

நீ புரொபெசோரேயோடு சண்டை பிடித்த கதையைப் போதகருக்குச் சொன்னேன். "உன்ர தங்கச்சி இஞ்சை வந்து ஒருநாள் பிரசங்கம் வைக்கவேணும்" என்கிறார்.

மேற்றிராணியார் இல்லத்துப் படிவம் இதற்குள் இருக்கிறது. ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எமிலியானா கரையில் நின்றுவிட்டாள் என்று நீ எழுதினால், அது அவள் உயிரோடு நின்றதற்குத்தான் சாட்சியாம். அதை வைத்து என்னைக் கட்டிவைக்க மாட்டார்கள். பரவாயில்லை. எனக்காக ஒன்றையும் கூட்டி எழுதாதே. நடந்ததை எழுது. மரியாவுக்கும் சொல்லிவிட்டேன். அவ போத்தலில் இருந்த சுக்குத்தூளை இன்னொரு போத்தலுக்கு மாற்றிக்கொண்டு நின்றா.

ஏழு வருடமாக ஒரு நினைவுதான். நான் அந்த ஆறு மாதத்தில் ஒரு கடிதம் போட்டிருந்தால் அவள் உன்னோடு ஏறியிருப்பாள். என்னிடம் கோபித்துத்தான் கரையில் நின்றாள். அந்தத் தண்டனை என்னுடையது, நான் அனுபவிக்கிறேன்.

அண்ணா,
அருளையா


சேசு மரி சூசை
பலேர்மோ, 3.11.1997

அண்ணாவுக்கு,

1990ஆம் ஆண்டு ஆவணி 27ஆம் திகதி பேசாலையில் வள்ளம் ஏறியவர்கள்: நான், என் மகள் அமலினி, இராஜதுரை, அவருடைய தகப்பன் பவுல் ஐயா, என் மச்சாள் எமிலியானா. ஐந்து பேர். ஓட்டியை நான் எண்ணவில்லை.

மச்சாள் மறுக்கவில்லை. உங்களிடம் கோபிக்கவும் இல்லை. முதலில் ஏறியது அவதான். உங்கள் படத்தைச் செபப் புத்தகத்துக்குள் வைத்து சட்டைக்குள் செருகியிருந்தா. "அவர் எழுதாட்டி என்ன மச்சாள், இந்தியாவுக்குப் போய் நான் எழுதுறன்" என்றா.

நேவிக்குப் பயந்து ஓட்டி எங்களை நடுக்கடல் மணல்திட்டில் இறக்கிவிட்டுத் திரும்பினான். இரவு முழுக்க அங்கே இருந்தோம். விடியப் பிள்ளைக்குக் காய்ச்சல் ஏறி வலிப்பும் வந்தது. இந்தப் பக்கம் சேறு. மறுபக்கம் தெளிந்த தண்ணீர். "மச்சாள், பிள்ளையின்ரை நெத்திக்குப் போட இந்தத் துணியை நனைச்சுக்கொண்டு வாறியளோ" என்று கேட்டேன். அனுப்பினது நான். அவ மேட்டுக்கு அங்கால் இறங்கின பிறகு இராமேஸ்வரத்து மீன்பிடி வள்ளம் ஒன்று வந்தது. வேறு திட்டில் ஏற்றிய பதினொரு பேர் ஏற்கெனவே அதற்குள். விளிம்பு தண்ணீரைத் தொட்டுக்கொண்டு நின்றது. தூரத்தில் எஞ்சின் சத்தம். இராஜதுரை தகப்பனைத் தூக்கி ஏற்றினார். நான் பிள்ளையோடு ஏறினேன்.

"எல்லாரும் ஏறியாச்சா?" என்று வள்ளக்காரர் கேட்டார்.

எல்லா இடத்திலும் ஆட்களை எண்ணுகிறவள் நான். என்னைத்தான் பார்த்துக் கேட்டார். "ஓம்" என்றேன்.

இல்லை என்று சொன்னால், இறங்கிப் போய்க் கூட்டிக்கொண்டு வா என்பார், அதற்குள் பிள்ளையோடு வள்ளம் போய்விடும் என்று பயந்தேன். திரும்ப வந்து ஏற்றலாம் என்றும் நினைத்தேன். இரண்டில் எதை முதலில் நினைத்தேன் என்று ஏழு வருடமாக யோசிக்கிறேன். இராஜதுரை என்னைப் பார்த்தார். அவரும் வாய் திறக்கவில்லை.

கொஞ்சத்தூரம் போனபிறகு அவ மேட்டில் ஏறி வந்தா. கையில் துணி. கூப்பிடவில்லை, அண்ணா. துணியை மட்டும் உயர்த்திக் காட்டினா. நில்லுங்கோ என்று காட்டினாவோ, நனைத்துவிட்டேன் என்று காட்டினாவோ, எனக்குத் தெரியாது. நான் பிள்ளையின் முகத்தைப் பார்க்கக் குனிந்துகொண்டேன்.

பிள்ளையை ஆஸ்பத்திரியில் விட்டபிறகுதான் வள்ளக்காரரைத் தேடிப் போய்ச் சொன்னேன். "அப்பவே சொல்லியிருக்கலாமே தாயி" என்று தலையில் அடித்துக்கொண்டார். அன்று பின்னேரம் காற்று எழும்பி இரண்டு நாள் ஒருவரும் கடலுக்குப் போகவில்லை. மூன்றாம் நாள் அவரே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். திட்டில் பாதியைத் தண்ணீர் மூடியிருந்ததாம். ஆள் இல்லை. முகாமில் பதிந்தபோது நாலு பேர் என்று சொன்னேன். உங்களுக்கு எழுதும்போது கை தன்பாட்டில் ஐந்து என்று எழுதிவிட்டது.

மறுத்தா என்று ஏன் எழுதினேன்? அப்படி எழுதினால் நான் விட்டதாக இராது. நீங்கள் அதை உங்கள் குற்றமாக எடுத்துக்கொள்வீர்கள் என்று நான் அன்றைக்கு நினைக்கவில்லை. உங்கள் அடுத்த கடிதத்திலேயே அது தெரிந்தது. தெரிந்தும் விட்டேன். நீங்கள் செஞ்சிலுவைக்கு எழுதியபோதெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒவ்வொரு தவக்காலமும் இதைப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லியிருக்கிறேன், இத்தாலியனில். அந்தப் பாஷையில் எனக்கு வரும் சொற்கள் குறைவு. அதனால் பாவமும் சின்னதாக வந்தது. பிள்ளைக்காக ஒரு பொய் சொன்னேன் என்பேன், மூன்று அருள்நிறைந்த மந்திரம் தருவார்கள். கிறிகோரிக்குக்கூட நேற்றுத்தான் சொன்னேன். எழும்பிப் போய் அமலினியின் கட்டிலடியில் இருந்தார், இன்னும் என்னோடு கதைக்கவில்லை.

புத்தகத்தின் கடைசியில் போட நாற்பத்தொரு பெயரையும் வடிவான எழுத்தில் எழுதச் சொன்னார் புரொபெசோரே. சனிக்கிழமை முழுக்க இருந்து எழுதினேன். வாயில் நுழையாத பெயர்கள், எழுத்து எழுத்தாகப் பார்த்து எழுதினேன். நாற்பத்தொன்று முடிந்து, கீழே நாற்பத்திரண்டு என்று இலக்கம் போட்டபிறகுதான் கை நின்றது. பக்கத்தைக் கிழித்துத் திரும்ப எழுத வேண்டியதாகிவிட்டது.

நேற்று இறந்தவர்களின் பூசைக்குப் பன்னிரண்டு பெயர் கொடுத்தேன். பாதர் மச்சாளின் பெயரை வாசித்தார். பூசை முடிந்ததும் பீடத்துக்குப் பின் அறையில், சக்கிறீஸ்தியாவில், படிவத்தை நிரப்பி, தமிழில் எல்லாவற்றையும் அவருக்குச் சொல்லி, அவருக்கு முன்னால் கையெழுத்து வைத்தேன். இதற்குள் இருக்கிறது. இது போதுமா என்று மேற்றிராணியார்தான் சொல்லவேணும். போதாவிட்டால் நான் வந்து நேரே சொல்கிறேன். மரியா அக்காவுக்கு இந்தக் கடிதத்தைக் காட்டுங்கோ.

மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் இல்லை. மச்சாள் உங்களிடம் கோபிக்கவில்லை என்பதை மட்டும் முதலில் எடுங்கோ. மற்றதெல்லாம் பிறகு.

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கோ. ஞாயிற்றுக்கிழமைகளில் ரெலிபோனை நானே எடுப்பேன். கதைக்க ஏலாவிட்டால் எழுதுங்கோ. திட்டி எழுதினாலும் சரி, கடிதம் கிடைத்தது என்று ஒரு வரி எழுதினாலும் சரி. கெதியாய்ப் பதில் போடுங்கோ, அண்ணா.

றோசமலர்